கறுப்புக் காரில் சுழல் கீறல்: எடுக்கும் முறை, திரும்ப வராமல் காக்கும் முறை

முதலில் ஒரு நிபந்தனை. கார் கழுவும் பழக்கத்தை மாற்ற மனமில்லை என்றால் பாலிஷ் மிஷின் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். சுழல் கீறல் பெரும்பாலும் சாலையில் விழுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுப் போர்ச்சில், நம் கையாலேயே விழுகிறது.

மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஓடும் கார்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மணல் லாரி, செம்பனைக் குலை லாரி, தோட்டத்துச் செம்மண் சாலை, செம்பனை எண்ணெய் ஆலைப் புகைபோக்கியிலிருந்து வந்து படியும் கரி என்று எல்லாம் காரின் மேல்தான் இறங்குகின்றன. மணலில் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 7, காரின் சாயம் அதன் பக்கத்தில்கூட நிற்காது. ஆலையில் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து வரும் சாம்பலிலும் சிலிக்கா நிறைய உண்டு. இந்தத் தூசியோடு சேர்த்துத் துணியைத் தேய்ப்பதால்தான் கீறல். அதனால் கழுவும் பகுதியை நீளமாகவே எழுதியிருக்கிறேன். அதைத் தாண்டி நேரே மிஷினுக்குப் போய்விடாதீர்கள்.

1. என்ன கீறல் என்று முதலில் பாருங்கள்

போர்ச்சில் இருக்கும் குழல் விளக்கில் கீறல் தெரியாது. காலை வெயிலை நேராக பானெட்டில் விழ விடுங்கள், அல்லது இரவில் கைப்பேசி டார்ச்சைப் பிடியுங்கள். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாகத் தெரிவதுதான் சுழல் கீறல். உண்மையில் கோடுகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல் உண்டு, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பிறகு நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் அது பாலிஷில் போகும் கீறல் இல்லை. சாயத்தின் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் அது எவ்வளவு மெல்லியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுழல் கீறல் சில மைக்ரான் ஆழம்தான், அதை எடுக்கலாம். ஆழமான கீறலைத் துரத்திக்கொண்டு போனால் கிளியர் கோட் தீர்ந்து, பட்டறையில் புதுச் சாயம் அடிக்க வேண்டி வரும்.

பழைய கார்களில் கூரையும் பானெட்டும் வெயிலில் வெளுத்து, தோல் உரிவது போல ஓரம் தூக்கியிருக்கும். அங்கே கிளியர் கோட்டே போய்விட்டது. அந்த இடத்தில் மிஷினை வைக்காதீர்கள்.

பழைய காராக வாங்கியது என்றால், எந்தக் கதவை முட்டித் தட்டிச் சாயம் அடித்தார்கள் என்று விற்றவரைக் கேளுங்கள். பட்டறைச் சாயம் தொழிற்சாலைச் சாயம் போல நடந்துகொள்ளாது. சில இடத்தில் தடிப்பாக இருக்கும், சில இடத்தில் மணல்தாள் போட்டே மெலிந்திருக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

கழுவ: இரண்டு வாளி, முடிந்தால் அடியில் வைக்கும் வடிதட்டு, மைக்ரோஃபைபர் கையுறை இரண்டு (ஒன்று மேல்பகுதிக்கு, ஒன்று கீழ்ப்பகுதிக்கு), ரிம்முக்குத் தனித் துணி, கார் ஷாம்பு, துடைக்கப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். அது மேலே இருக்கும் வேக்ஸையும் கோட்டிங்கின் வழுவழுப்பையும் குறைக்கும், வழுக்கல் குறைந்தால் மணல் இன்னும் ஆழமாக உழும்.

பாலிஷுக்கு: டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர், அதற்கு 5 அங்குல ஃபோம் பேட் ஐந்தாறு (மென்மையானது, நடுத்தரம் இரண்டும்), ஒரு மெல்லிய பாலிஷ், ஒரு காம்பவுண்ட் (அதைவிட முரடான பாலிஷ்), கிளே (ஒட்டியிருக்கும் துகளைப் பிடுங்கும் களிமண் போன்ற கட்டி), தார் எடுக்கும் திரவம், இரும்புத் துகள் எடுக்கும் திரவம், மாஸ்கிங் டேப், தண்ணீர் கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹால், புது மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன்.

மிஷினில் காசு மிச்சம் பிடிக்க நினைத்து டிரில்லில் ஃபோம் மாட்டுகிறார்கள். வேண்டாம். டிரில்லும் ரோட்டரியும் ஒரே மையத்தில் சுற்றுவதால் சூடு ஓரிடத்தில் ஏறும், பழகாத கையில் ஹோலோகிராம் என்ற புதுக் கோடுகளை வரைந்துவிடும். டிஏ சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும். புதியவர்களை அதுதான் காப்பாற்றுகிறது.

பேட்டைக் குறைத்து வாங்கித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே பேட்டில் முழுக் காரையும் முடிக்க முடியாது. பாலிஷும் உரிந்த சாயமும் ஊறி அது கனத்துவிடும், வேலை செய்யாது, சூடாகும்.

3. கழுவுதல்

நிழலில், காரின் உடல் குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். கறுப்பு பானெட் மதியம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், ஷாம்பு அதிலேயே காய்ந்து கறையாகிவிடும். காலை 7.30 நல்ல நேரம்.

ரிம்மையும் டயரையும் முதலில் முடியுங்கள். கடைசியில் செய்தால் பிரேக் தூசி கலந்த அழுக்கு, கழுவி முடித்த கதவில் தெறிக்கும். அதற்குப் பயன்படுத்திய துணி அன்றைக்கு வேறு எதையும் தொடக்கூடாது.

அடுத்தது தண்ணீர் மட்டும். வாட்டர் ஜெட் இருந்தால் அது, இல்லையென்றால் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பீய்ச்சினாலும் சரி. கூரையிலிருந்து கீழே வாருங்கள். சக்கர வளைவு, கதவின் அடிப்பாகம், பின் பம்பர் இந்த மூன்றிலும் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கும், அங்கே நின்று நிதானமாக அடியுங்கள். அதன்பின் நுரை. அதைச் சில நிமிடம் ஊற விட்டு, காய்வதற்குள் அலசுங்கள். கை படுவதற்கு முன்னே எவ்வளவு மணல் இறங்குகிறதோ அவ்வளவு கீறல் மிச்சம்.

இப்போதுதான் கையுறை. ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பில் முக்கி ஒரு பகுதியைக் கழுவுங்கள், வெறும் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், பிறகே மறுபடி ஷாம்பில் முக்குங்கள். மணல் இரண்டாவது வாளியின் அடியில் தங்கிவிடும். ஒரே வாளி என்றால் பானெட்டில் எடுத்த மணலைக் கதவில் கொண்டுபோய்ப் பூசுகிறோம்.

கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி மூடி, கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். கீழ்ப்பகுதிக்கு இரண்டாவது கையுறை. நேர்கோட்டில் இழுங்கள், வட்டம் போடாதீர்கள். அழுத்தவும் வேண்டாம், கையுறையின் எடையே போதும். அழுக்கு விடவில்லை என்றால் மறுபடி நுரை போட்டு ஊற விடுங்கள்.

கையுறை தரையில் விழுந்தால் அதோடு அதன் வேலை முடிந்தது. அலசிப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். போர்ச் தரையில் உள்ள மணல் அந்த நூலுக்குள் போனால் அலசினாலும் எளிதில் வராது. வேறொன்றை எடுங்கள்.

துடைப்பதில்தான் பாதி கீறல் விழுகிறது. நம் வீடுகளில் காரைத் துடைக்கும் துணி என்றால் பழைய குட் மார்னிங் துண்டு. முகம் துடைக்க நல்ல துண்டுதான், பருத்தி நூல் தேய்ந்து முரடான பிறகு கறுப்புச் சாயத்துக்கு அது ஆகாது. குழாயில் பீய்ச்சும் முனை இருந்தால் கழற்றி, தண்ணீரை அழுத்தமில்லாமல் மேலிருந்து வழிய விட்டால் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும். மிச்சத்துக்குப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு மெல்ல ஒற்றி எடுங்கள்.

மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், பஞ்சு ஒட்டும். துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், நூல் தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும்.

4. ஒட்டியிருப்பதை எடுத்தல்

கழுவிய காரின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள்ளிருந்து தெரியும். அதன் மேலேயே பாலிஷ் போட்டால், ஒட்டியிருந்த துகள் பிய்ந்து பேட்டில் மாட்டி, கீறலை எடுக்கும் மிஷினே கீறல் போடும்.

முதலில் தார். கதவின் அடியில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், கறுப்புக் காரில் கண்ணால் தேட முடியாது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திரவத்தைப் போட்டு ஊற விட்டு ஒற்றி எடுங்கள். அடுத்து இரும்புத் துகள் திரவம். அது ஊதா நிறமாக ஓடும்போது இரும்போடு வேலை செய்கிறது என்று அர்த்தம். காய விடாமல் அலசுங்கள். வாடை குமட்டும், காற்றோட்டம் வேண்டும்.

கடைசியில் கிளே. ஷாம்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து, வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்கு மட்டும் தொட்டு நேர்கோட்டில் ஓட்டுங்கள். அழுக்கானால் மடித்துப் புதுப்பக்கம் எடுங்கள். கீழே விழுந்தால் குப்பைத் தொட்டி. கிளே நல்லதாக இருந்தாலும் கறுப்பில் லேசான மங்கல் விடும். அதனால் பாலிஷ் போடப் போகும் நாளில் மட்டும் கிளே. ‘மாதம் ஒருமுறை கிளே போடுகிறேன்’ என்று பெருமையாகச் சொல்பவரின் பானெட்டை வெயிலில் பார்த்தால் விஷயம் தெரியும்.

5. டேப்

ரப்பர், சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக், எழுத்துச் சின்னம், விளக்கின் ஓரம் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். பாலிஷ் காய்ந்து பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்தால் பல் துலக்கும் பிரஷ் எடுத்து உட்கார வேண்டியதுதான். பானெட் மடிப்பு, கதவு விளிம்பு போன்ற கூரான ஓரங்களுக்கும் ஒட்டுங்கள். சாயம் அங்கேதான் மெலிந்திருக்கும்.

6. சோதனைக் கட்டம்

இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள், இதில்தான் முழு வேலையும் நிற்கிறது. பானெட்டின் நடுவில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டருக்கு ஒரு சதுரத்தை டேப்பால் கட்டுங்கள். மென்மையான பேட், மெல்லிய பாலிஷ் இரண்டையும் வைத்து முதலில் முயலுங்கள். ஆல்கஹாலில் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் போதுமான அளவு போயிருந்தால் முழுக் காருக்கும் அதுவே. போகவில்லை என்றால் பாலிஷை மாற்றாமல் பேட்டை மட்டும் நடுத்தரத்துக்கு மாற்றுங்கள். அதுவும் போதவில்லை என்றால் காம்பவுண்ட்.

கீழிருந்து மேலே போவதற்குக் காரணம் உண்டு. உரித்த கிளியர் கோட்டைத் திரும்ப ஒட்ட முடியாது. காம்பவுண்டில் தொடங்கியவர் மெல்லிய பாலிஷே போதுமாயிருந்ததா என்பதைத் தெரிந்துகொள்ளவே முடியாது. ஜப்பான் கார்ச் சாயம் மென்மை, ஜெர்மன் கார்ச் சாயம் கடினம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மைதான், ஆனால் உங்கள் கார் எப்படி என்று இந்தச் சதுரம் மட்டுமே சொல்லும். பட்டறைச் சாயம் அடித்த கதவுக்குத் தனிச் சோதனை போடுங்கள்.

தினமும் தோட்டச் சாலையில் ஓடும் காருக்கு நூற்றுக்கு நூறு தேவையில்லை. எண்பது போனால் நிறுத்திவிடுங்கள். மிச்ச இருபதை எடுக்கக் கொடுக்கும் கிளியர் கோட், இரண்டு வருடம் கழித்துத் தேவைப்படும்.

7. மிஷின் வேலை

நிழல் கட்டாயம். மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும் என்பதால் காலையிலேயே தொடங்குங்கள். முழுக் காரையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். கை சோர்ந்த பிறகு செய்யும் கதவுகளில்தான் ஓரம் சுட்டுப் போகும்.

புது பேட்டின் முகம் முழுதும் கொஞ்சம் பாலிஷ் தடவுங்கள். பிறகு பட்டாணி அளவுச் சொட்டு நாலு. அதற்கு மேல் வேண்டாம். பாலிஷ் அதிகமானால் வெட்டு, அதாவது கீறலைத் தேய்த்து எடுப்பது, அதிகமாகும் என்று நினைக்கிறார்கள், நடப்பது தலைகீழ்: பேட் வழுக்கும், தூள் பறக்கும், துடைக்கச் சிரமம்.

சொட்டுகளைச் சாயத்தில் ஒற்றிவிட்டு, பேட் சாயத்தில் உட்கார்ந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டால் போர்ச் சுவரெல்லாம் பாலிஷ். குறைந்த வேகத்தில் பரப்புங்கள், பிறகு 6 வேக அளவுகள் உள்ள மிஷினில் 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள். கட்டம் 50 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை, முன்பு போன தடத்தின் மேல் பாதி ஏறும்படி. நாலு முதல் ஆறு சுற்று.

கை வேகம்தான் புதியவர்களுக்கு வராத ஒன்று. நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர். அலுப்பு தட்டும் அளவுக்கு மெதுவாக. துணி தேய்ப்பது போல வேகமாக ஓட்டினால் பாலிஷ் பரவுகிறது, வெட்டுவதில்லை.

பேட்டின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. கதவின் வளைவில் இது அடிக்கடி நடக்கும்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேட்டைப் பிரஷால் தட்டுங்கள், இரண்டு பகுதிக்கு ஒருமுறை மாற்றுங்கள். புறங்கையால் சாயத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, சுட்டால் நிறுத்துங்கள். பம்பரில் இன்னும் கவனம், பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, சட்டென்று ஏறிவிடும். மிஷின் வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், பானெட்டில் உரச விடாதீர்கள்.

காம்பவுண்ட் போட்ட இடத்தில் கறுப்பு சற்று வெளிறி, புகை படிந்தது போல இருக்கும். மென்மையான பேட்டும் மெல்லிய பாலிஷும் வைத்து மறுபடி ஒரு முறை போனால்தான் நிறத்தில் ஆழம் வரும். வெள்ளைக் காரில் இந்த இரண்டாம் முறையை விட்டுவிடலாம், கறுப்பில் முடியாது.

8. ஆல்கஹால் துடைப்பு

பாலிஷில் எண்ணெய் உண்டு. அது கீறலுக்குள் நிறைந்து கொஞ்ச நாள் மறைக்கும். “அண்ணே, கடையில பாலிஷ் போட்டப்ப கோடே இல்ல, மூணு மழை பெஞ்சதும் எல்லாம் திரும்பி வந்துருச்சு” என்று வருகிற தம்பிகளின் கதை இதுதான். கோடு திரும்பி வரவில்லை, அங்கேயேதான் இருந்தது. மேலே பூசியது கழுவிப் போயிற்று.

அதனால் ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் தண்ணீர் கலந்த ஆல்கஹாலைத் தெளித்து, புதுத் துணியால் எடுத்துவிட்டு டார்ச் அடியுங்கள். அப்போது கண்ணில் படுவதுதான் உண்மையான நிலை. கலக்காத ஆல்கஹால் வேண்டாம், காய்வது வேகம், துணி இழுத்துப் புதுக் கோடு விழும்.

9. மேல் பூச்சு

உரித்த சாயத்தை வெறுமனே விடக்கூடாது. மூடிய இடம் இருந்தால் செராமிக் கோட்டிங் போடலாம். போட்டபின் ஏறக்குறைய 24 மணி நேரம் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். பக்கம் திறந்த போர்ச்சில் சாரல் அடிக்கும் ஊரில் இது சூதாட்டம். அப்படி இடமில்லாதவர்களுக்கு ஸ்ப்ரே சீலண்ட் போதும். கழுவி முடித்ததும் மாதம் ஒருமுறை அடித்துத் துடைத்தால் தூசி லேசாகவே ஒட்டும், அடுத்த முறை தண்ணீரிலேயே பெரும்பாதி போய்விடும். வேக்ஸ் கறுப்பில் அழகுதான், ஆனால் நம் வெயிலுக்கு நீண்ட நாள் தாங்காது.

கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பிப் பழைய துண்டைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள். மணலுக்குக் கோட்டிங்கும் கீறும்.

10. நம் ஊரில் மட்டும் கவனிக்க வேண்டியவை

கோழி இறகுத் தூசித்தட்டியை டிக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள். காய்ந்த தூசியைக் காய்ந்த காரில் தள்ளுவது எந்த இறகானாலும் தவறு. செம்மண் படிந்திருந்தால் அப்படியே ஓட்டுங்கள், கழுவும் நாள் வரை தொடாதீர்கள்.

துணி உறையும் அப்படித்தான். காற்றில் அசையும்போது உள்ளே மாட்டிய மணலோடு ராத்திரி முழுக்கத் தேய்க்கும். கழுவிய காரை நீண்ட நாள் உள்ளே நிறுத்தினால் மட்டும் உறை.

ஆயுத பூஜைக்கும் புதுக் கார் பூஜைக்கும் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அது காய்ந்தபின் துணியால் தேய்த்து எடுப்பதால் விழும் கீறல், சரியாகப் பொட்டு வைத்த இடத்தில் வட்டமாக நிற்கும். அன்று மாலையே தண்ணீரை ஊற்றி ஊற விட்டு, நுரையோடு வழிய விடுங்கள். கண்ணாடியில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது, ஐயரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கல்யாண ஊர்வலத்துக்குக் கறுப்புக் காரைத்தான் கேட்பார்கள். ரிப்பனைத் தளர்வாகக் கட்டி நெடுஞ்சாலையில் ஓட்டினால் அது பானெட்டை அடித்துக்கொண்டே வரும். இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், மண்டபத்துக்குப் பக்கத்தில் வந்து அலங்கரித்தால் இன்னும் நல்லது. டேப் பசையை நகத்தால் சுரண்டாமல் தார் எடுக்கும் திரவத்தால் கரையுங்கள்.

கார் கழுவும் கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் தண்ணீரும் நுரையும் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். ரிம்மைத் தேய்த்த ஸ்பஞ்சே பானெட்டுக்கு வருவதை நின்று பார்த்தால் தெரியும். “துடைக்க வேணாம் பாங், நானே துடைச்சுக்கிறேன்” என்று சொல்லிச் சொந்தத் துண்டை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். வினோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டார்ச்சை எடுத்து அதே பானெட் நடுவில் அடித்துப் பாருங்கள். கோடு கூடியிருந்தால் மிஷினைத் தொடுவதற்கு முன் கையுறையையும் துண்டையும் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். மணல் அல்லது முரடான நூல் அதில்தான் இருக்கும்.